மூன்று பிடிச் சோறு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன ஆகஸ்டில், காரைக்காலில் ஒரு மகப்பேறு மருத்துவரின் அறையில், அவர் சாதாரணமாகக் கேட்ட ஒரு கேள்வியிலிருந்து வந்தது.

"நீங்க பொறந்தப்ப என்ன எடை, தெரியுமா?"

கேட்டவர் டாக்டர் சுகிர்தா. பதில் சொல்ல வேண்டியவள் நௌஷின். வயது இருபத்துநாலு, மூன்று மாதக் கர்ப்பிணி. முதல் பரிசோதனையிலேயே அவளுக்கு ரத்த அழுத்தம் நூற்று ஐம்பத்தாறுக்கு நூற்று நாலு. பத்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி பார்த்தார்கள். அதற்கடுத்த வாரமும் பார்த்தார்கள். சிறுநீரகம், தைராய்டு, இதயம் எல்லாவற்றுக்கும் பரிசோதனை எழுதினார்கள். எதிலும் குறை இல்லை. அழுத்தம் மட்டும் இறங்கவில்லை.

நௌஷின் தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா ஷரீபுன்னிசா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: "ஒண்ணே முக்காக் கிலோ."

"கொறமாசமா?"

"இல்லீங்க. மாசம் நெறஞ்சுதான்."

"கர்ப்பமா இருந்தப்ப நல்லா சாப்பிட்டீங்களாம்மா?"

"சாப்பிட்டேன். எல்லாம் சாப்பிட்டேன்."

அந்த அறையில் நானும் இருந்தேன். அவள் சொன்னது பொய் என்பது எனக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்ல எனக்கு இரண்டு வரைவுகள் தேவைப்பட்டன. அந்த இரண்டையும் காட்டிவிட்டுத்தான் மேலே போக முடியும்.

2

முதல் வரைவின் முதல் வரி:

'ரஃபீக் ஷார்ஜாவுக்கு விமானம் ஏறியபோது ஷரீபுன்னிசாவுக்கு இரண்டாம் மாதம்.'

இந்த வரி எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் ஊரில் இதை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். தெருவுக்குப் பாதி வீட்டு ஆண்கள் வெளிநாட்டில். கணவனை அனுப்பிவிட்டால் வீட்டில் நடந்த எதற்கும் அவன் பொறுப்பில்லை. மாதம் ஒரு தடவை போனில் "சாப்பிடுறியா?" என்று கேட்டால் போதும். ஆறு பக்கம் ஓடியது.

பிறகு ஒரு சிக்கல். கணவன் இல்லாத வீட்டில் ஒரு கர்ப்பிணியை யார் பட்டினி போடுவது? இரண்டாம் வரைவில் ஒரு மாமியாரைக் கொண்டுவந்தேன். அலமாரிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நடப்பவள். அவள் பேச வேண்டிய வசனங்கள் தாமாகவே வந்தன. இத்தனை கதைகளில் இத்தனை மாமியார்கள் பேசிவைத்திருக்கிறார்களே.

[இந்த இடத்தில் ஒரு பத்தியை அடித்துவிட்டேன். மாமியார் மீன் துண்டுகளை எண்ணும் காட்சி. நன்றாகவே வந்திருந்தது. அதனால்தான் அடித்தேன்.]

3

எழுதியதை மேசைமேல் வைத்துவிட்டு அலுவலகம் போயிருந்தேன். திரும்பி வந்தபோது ஷரீபுன்னிசா அதைப் படித்து முடித்திருந்தாள். என் இரண்டு சிறுகதைத் தொகுப்புகளையும் அவள் படித்ததில்லை. இதைப் படித்திருந்தாள்.

"நீங்க எப்ப ஷார்ஜாவுக்குப் போனீங்க?" என்றாள்.

"அது கதை, ஷரீபா."

"எம்பேரு இருக்கு. மக பேரு இருக்கு. ஒங்க பேரத்தான் காணும்."

நான் தோள்பையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

"அந்த மாமியாக்காரி யாரு? நான் இந்த வீட்டுக்கு வந்தப்ப ஒங்க உம்மா மவுத்தாகி நாலு வருஷம். போய்ச் சேந்தவங்கள எழுப்பிக் கூட்டியாந்து அவங்க மேல போடுறீங்களே."

பக்கங்களை ஒழுங்காக அடுக்கி என் கையில் கொடுத்தாள்.

"சோத்த அளந்து போட்ட கை யாரோடதுன்னு எழுதுங்க. இல்லாட்டி எழுதாதீங்க."

ஆகவே எழுதுகிறேன். என் பெயர் சேக் அலாவுதீன். ஷரீபுன்னிசாவின் கணவன், நௌஷினின் வாப்பா. ஷார்ஜாவை நான் பார்த்ததில்லை. கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் முப்பத்தொரு வருடமாக எழுத்தர்.

4

1999 மே மாதம் எங்களுக்கு முதலில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. 'பிறந்தது' என்பது சரியான சொல் இல்லை. வேறு சொல் தேடிப் பார்த்தேன். எங்கள் பதிவேட்டில் இருக்கும் 'இறந்து பிறப்பு' என்பதைத் தவிர வேறு கிடைக்கவில்லை.

இரண்டு நாள் வலி. தலை இறங்கி, தோள் சிக்கிக்கொண்டது. ஆபரேஷன் செய்யலாமா என்று டாக்டர்கள் பேசி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாலு கிலோ இருநூறு கிராம். துணியில் சுற்றி என் கையில் தந்தார்கள். கனமாக இருந்தான். தலை நிறைய முடி. அடக்கத்துக்கு மையவாடி வரைக்கும் நான்தான் தூக்கிப்போனேன். வழியில் ஒருமுறை கை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. இறந்துபோன மகனைத் தூக்கும்போது எனக்குக் கை வலித்தது என்பதை இருபத்தாறு வருடமாக நான் யாரிடமும் சொன்னதில்லை.

"புள்ள ரொம்பப் பெருசு," என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னார். அவர் குற்றமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அந்தச் சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

அடுத்த வருடம் ஷரீபுன்னிசா மறுபடி கர்ப்பமானாள். நான் அலுவலகத்தில் பழைய பதிவுகளை எடுத்தேன். அதற்கு முந்தைய இரண்டு வருடங்களில் எங்கள் கொம்யூனில் இறந்து பிறந்த குழந்தைகள் பதினொன்று. கூட இணைத்திருந்த ஆஸ்பத்திரிச் சீட்டுகளில் எடை இருந்தது. என் மகனையும் சேர்த்து நாலு குழந்தைகள் நாலு கிலோவுக்கு மேல். எனக்கு அது போதுமானதாக இருந்தது. பெரிய குழந்தை இறக்கும், சின்னக் குழந்தை சுலபமாக வெளியே வரும்.

(மீதி ஏழு குழந்தைகளும் இரண்டு கிலோவுக்குக் கீழே. அந்தச் சீட்டுகளையும் நான் கையில் எடுத்துப் பார்த்தேன். பார்த்துவிட்டு, அவை வேறு காரணமாக இருக்கும் என்று முடிவு செய்து திரும்பக் கட்டி வைத்தேன். இதை அடைப்புக்குறிக்குள் எழுத எனக்கு உரிமையில்லை. ஆனாலும் வெளியே எடுத்து எழுதக் கை வரவில்லை.)

வீட்டுக்கு வந்து ஷரீபுன்னிசாவிடம் சொன்னேன். காலையில் ஓர் இட்லி. மதியம் சின்னக் கிண்ணத்தால் ஒரு கிண்ணம் சோறு, ரசம். மீனும் கறியும் வாரத்துக்கு ஒரு நாள், ஒரு துண்டு. பால் வேண்டாம். இரவு இரண்டு வர்க்கி, பாலில்லாத தேநீர். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள்.

"இதாவது உசுரோட வரட்டும்."

அவள் விரும்பித்தான்

அவளும் சம்மதித்துத்தான்

இந்த இரண்டு வாக்கியங்களையும் முடிக்க முயன்றேன். முடியவில்லை. அப்படியே கிடக்கட்டும். ஒரு பெண் பசியோடு இருக்கச் சம்மதித்தாள் என்றால், அவளிடம் எதைச் சொல்லிச் சம்மதிக்க வைத்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

5

ஒரு காட்சியாவது இல்லாமல் இது கதையாகாது. காட்சி இருக்கிறது. அதை எழுதாமல் தப்பிக்கத்தான் மாமியாரைக் கொண்டுவந்தேன்.

அவளுக்கு ஆறாவது மாதம். உறவில் ஒரு கல்யாணம். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் சஹன் வைப்பார்கள். நாலு பேர் ஒரு பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவது. நெய்ச்சோறு, கறி, தால்ச்சா. பெண்கள் பகுதியில் ஷரீபுன்னிசா உட்காரப்போவதை வாசலிலிருந்து பார்த்தேன். சஹனில் யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று தெரியாது. எனக்கு அதுதான் பயம். என் அக்கா மர்யம் லாத்தா அந்தப் பக்கம் பரிமாறிக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன்.

"லாத்தா, ஷரீபா மூணு பிடிக்கு மேல எடுக்காமப் பாத்துக்குங்க. எடுத்தா எந்திரிக்கச் சொல்லிடுங்க."

"புள்ளத்தாச்சிய சஹன்லேர்ந்து எந்திரிக்கச் சொல்றதாடா? நாலு பேரு பாப்பாங்க."

"சொல்லுங்க லாத்தா. நான் சொன்னேன்னே சொல்லுங்க."

லாத்தா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். முதல் குழந்தையைக் குளிப்பாட்டியவர் அவர்தான். பிறகு போய் ஷரீபுன்னிசாவின் காதருகே குனிந்தார்.

ஷரீபுன்னிசா நாலாவது பிடியைக் கையில் எடுத்திருந்தாள். அதைத் தட்டில் திரும்ப வைக்க முடியாது, அடுத்தவர்கள் சாப்பிடுவது. வாயிலும் போடவில்லை. கையில் பிடித்தபடியே எழுந்தாள். கூட இருந்த மூன்று பெண்களும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். "என்னம்மா, வாய் கசக்குதா?" என்று ஒருத்தி கேட்டாள். "இல்லத்தா, நெறஞ்சுருச்சு," என்றாள் ஷரீபுன்னிசா.

கொல்லைப்பக்கக் குழாயடியில் அந்தச் சோற்றை ஒரு பூனைக்கு வைத்துவிட்டுக் கை கழுவினாள். கழுவிய கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். "நல்லதுக்குத்தானே," என்றேன். அவள் தலையாட்டினாள்.

2001 பிப்ரவரியில் நௌஷின் சுலபமாகப் பிறந்தாள். ஒரு கிலோ எழுநூற்றைம்பது. அழுதாள். எனக்கு அந்த அழுகை ஒன்றே போதுமாயிருந்தது. அலுவலகத்தில் அவள் பதிவை நானே எழுதினேன். எடைக் கட்டத்தை நிரப்பும்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

6*

டாக்டர் சுகிர்தா அன்றைக்கு எங்களிடம் சொன்னதை என்னால் முடிந்தவரை எளிமையாக எழுதுகிறேன். வயிற்றுக்குள் வரும் சத்து குறைந்தால் குழந்தையின் உடம்பு இருப்பதை மூளைக்கு முதலில் அனுப்பிவிடும். மற்ற உறுப்புகள் கிடைத்ததைக் கொண்டு வளர்ந்துகொள்ள வேண்டியதுதான். ரத்தக் குழாயின் சுவரில் ரப்பர் போல விரிந்து சுருங்கும் நார் உண்டு. அதில் பெரும்பகுதி பிறப்பதற்கு முன்பும் பிறந்த புதிதிலும் உருவாவது. அப்போது குறைந்தால் பிறகு சரிக்கட்ட வழியில்லை. குழாய்கள் கொஞ்சம் விறைப்பாகவே இருந்துவிடலாம். பிள்ளை ஓடும், ஆடும், படிக்கும், பரிசு வாங்கும். இருபது முப்பது வயதில்தான் தெரியவரும்.

"ஆனா ஒண்ணு சார்," என்றார் அவர், என் முகத்தைப் பார்த்து. "ஆயிரம் பேரச் சேத்துப் பாத்தாத்தான் இது தெரியும். ஒங்க பொண்ணு ஒருத்தர வச்சு, இதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாது. ஒங்க குடும்பத்துல வேற யாருக்காவது பிரஷர் இருந்துச்சா?"

"என் வாப்பாவுக்கு," என்றேன். சொல்லும்போதே ஆசுவாசமாக இருந்தது. அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

கதை எழுதுகிறவனுக்கு இங்கே ஒரு தொல்லை. மருத்துவத்துக்கு ஆயிரம் பேர் வேண்டும். கதைக்கு ஒருத்தி போதும். அவள் எழுந்து கை கழுவினாள், அதனால் மகள் இப்படி ஆனாள் என்று கதை தயங்காமல் சொல்லிவிடும். உண்மை அவ்வளவு நேராக இல்லை. நான் குற்றவாளியா இல்லையா என்பதுகூட எனக்கு உறுதியாகக் கிடைக்கப்போவதில்லை.

* இந்தப் பகுதிக்கு ஓர் அடிக்குறிப்பு. வெளியே வரும்போது டாக்டர் ஷரீபுன்னிசாவிடம் கேட்டார்: "ஒங்களுக்குச் சுகர் எத்தன வருஷமாம்மா?" பன்னிரண்டு வருடம் என்றாள். முதல் குழந்தையின் எடையையும் கேட்டார். கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். "அப்பவே கர்ப்பத்துல சுகர் வந்திருக்கலாம். அதனால கொழந்த பெருசாயிருக்கலாம். அந்தக் காலத்துல எல்லாருக்கும் பாக்க மாட்டாங்க. சாப்பாட்ட நிறுத்தியிருக்க வேண்டியதில்லம்மா, சுகரப் பாத்திருந்தா போதும்." 'சாப்பாட்ட நிறுத்தியிருக்க' என்று அவர் ஏன் சொன்னார்? நாங்கள் யாரும் அதைச் சொல்லவே இல்லையே. நௌஷின் அப்போது மருந்துக் கடை வரிசையில் நின்றிருந்தாள்.

7

நௌஷினின் கணவன் அஜ்மீர் கத்தாரில் இருக்கிறான். உண்மையாகவே கடல் கடந்து இருக்கும் கணவன் இந்தக் கதையில் அவன் ஒருவன்தான். தினமும் வீடியோவில் வந்து, மருந்து விழுங்குவதைக் காட்டச் சொல்லுவான்.

ஏழாம் மாத ஸ்கேனில் குழந்தை வளர்ச்சி குறைவு என்றார்கள். தாயின் ரத்தக் குழாய்கள் சரியாக விரியாததால் நஞ்சுக்கொடிக்குப் போதிய ரத்தம் போகவில்லை. டிசம்பர் கடைசியில் நௌஷினின் கால் வீங்கி, தலைவலி வந்து, அழுத்தம் நூற்று எண்பதைத் தொட்டது. ஆம்புலன்ஸில் புதுச்சேரிக்குக் கூட்டிப்போனோம்.

அங்கே நாலாம் நாள் காலையில், ஷரீபுன்னிசா ஒரு சப்போட்டாவை உரித்து, விதை எடுத்து, துண்டு துண்டாக மகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். நௌஷின் சிரித்தாள்.

"உம்மா, எனக்கு வவுறு வெடிச்சுரும். நீங்க என்னைய வச்சிருந்தப்ப இப்டித்தான் தின்னீங்களா?"

ஷரீபுன்னிசாவின் கை நின்றது. நான் ஜன்னலோரம் இருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, அனுமதி கேட்கவில்லை.

"இல்லம்மா. நான் திங்கல. டாக்டரம்மாட்ட நான் சொன்னது பொய்யி."

எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணனைப் பற்றி நௌஷினுக்கு முன்பே தெரியும், மற்றது தெரியாது. இட்லி, கிண்ணம், வர்க்கி, சஹன். என்னைக் காப்பாற்றவும் இல்லை, காட்டிக்கொடுக்கவும் இல்லை. "வாப்பா சொன்னாங்க, நானும் சரின்னேன்," என்றாள். எனக்குச் சொல்லத் தகுதியில்லாத வாக்கியத்தை அவள் சொல்லி முடித்தாள்.

நௌஷின் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். தன் குழந்தையைப் பற்றிக் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"பசிச்சுச்சா உம்மா?"

இத்தனை வருடத்தில் இதை அவளிடம் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

"பசிச்சுச்சு," என்றாள். "ரொம்பப் பசிச்சுச்சும்மா."

நௌஷின் அம்மாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவளுடைய பெரிய வயிறு நடுவில் இருந்ததால் இருவருக்கும் சரியாக அணைத்துக்கொள்ள வரவில்லை. பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க வாப்பா."

8

ஜனவரி ஐந்தாம் தேதி ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். முப்பத்துமூன்று வாரம். பெண். ஒரு கிலோ முந்நூற்றுப் பத்து. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள். இதுவரை உயிரோடு இருக்கிறாள். நௌஷினின் அழுத்தம் குழந்தை பிறந்த பிறகும் முழுதாக இறங்கவில்லை. மாத்திரை இனி எப்போதும் இருக்கலாம் என்கிறார்கள். நானும் ஷரீபுன்னிசாவும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு அறை எடுத்திருக்கிறோம். நௌஷின் அம்மாவிடம் பேசுகிறாள். என்னிடம் பேசுவதில்லை. இன்றோடு பத்தொன்பது நாள்.

கதைக்கு முடிவு வேண்டும். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் நௌஷின் என்னை மன்னிக்கிறாள். அவள் கையில் குழந்தை, என்னிடம் நீட்டுகிறாள். இதை எழுதும்போது எனக்கு அழுகை வந்தது. எனக்கே அழுகை வந்ததால் கிழித்துவிட்டேன்.

இரண்டாவதில் மன்னிக்கவில்லை. அதிலும் நான்தான் நடுவில் நின்றேன், தண்டனையை வாங்கிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி. அதுவும் வேண்டாம்.

மூன்றாவது இன்னும் முப்பது வருடம் கழித்து. அந்தக் குழந்தை வளர்ந்து ஏதோ ஒரு மருத்துவரின் முன்னால் கையை நீட்டுகிறாள். பட்டையைச் சுற்றிக் காற்றடிக்கிறார்கள். எண் ஏறுகிறது. எதில் நிற்கிறது? எனக்கு இப்போது வயது ஐம்பத்தேழு. அந்த எண்ணைப் பார்க்க நான் இருக்க மாட்டேன். நீங்கள் இருக்கலாம். இருந்தால், தெரிந்துகொண்டு உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தோடு நிறுத்தியிருந்தேன். கீழே கோடும் போட்டுவிட்டேன்.

9

கோடு போட்ட பிறகு நடந்தது இது. இன்று மதியம் இரண்டரை மணி. என் போன் அடித்தது. நௌஷின்.

"வாப்பா."

"சொல்லும்மா."

"உம்மா சாப்பிட்டாங்களா?"

நான் அறையைப் பார்த்தேன். மெஸ்ஸிலிருந்து பன்னிரண்டு மணிக்கு நான் வாங்கிவந்த பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. நேற்று இரவு வாங்கியதும் அதன் பக்கத்தில் இருந்தது. குழந்தை பெட்டிக்குள் போன நாளிலிருந்து ஷரீபுன்னிசா சரியாகச் சாப்பிடுவதில்லை, இரண்டு நாளாக டீ மட்டும் குடிக்கிறாள். கேட்டால் "எறங்கல" என்கிறாள். சர்க்கரை மாத்திரையை மட்டும் தவறாமல் போடுகிறாள். அவள் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தூங்கவில்லை. போனில் யார் என்பது அவளுக்குத் தெரியும். திரும்பாமலே கையை மட்டும் தூக்கி, சாப்பிட்டேன் என்று சொல்லும்படி ஜாடை காட்டினாள்.

"வாப்பா, இருக்கீங்களா?"

மகளிடம் உண்மையைச் சொன்னால் தையல் போட்ட வயிற்றோடு அவள் கட்டிலைவிட்டு இறங்கி வருவாள், அழுத்தம் ஏறும். பொய் சொன்னால் அவளுக்கு நிம்மதி. அதுவும் நல்லதுக்குத்தான்.

"இருக்கேம்மா," என்றேன்.

அதற்குப் பிறகு நான் சொன்னது ஒரே ஒரு வார்த்தை. அதை இங்கே எழுத மாட்டேன். இதுவரைக்கும் படித்திருக்கிறீர்கள், என்னைத் தெரிந்துகொண்டிருப்பீர்கள். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

இப்போது பேனாவை மூடிவிட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கிறேன். சோறு ஆறிக் கட்டியாகிவிட்டது.